அரை மதிப்பெண்

டயர்க் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
ரப்பர் வாடையோடுதான் என் இலக்கணம்.
துனிஸ் நகரத்து ஜூலை. ஒரே மின்விசிறி,
அதுவும் மனமில்லாமல் சுற்றும்.

ஒன்பது பேர் படித்தார்கள்.
சூடானுக்குப் போகவிருந்த போலந்துச் செவிலி.
வருங்கால மாமியாரோடு
சரிக்குச் சரி சண்டை போடவென்றே
கட்டணம் கட்டிய பிரெஞ்சுப் பெண்.
கடைசி வரிசையில் உர்மாஸ், எஸ்தோனியன்,
துறைமுகத்து மீன் கிடங்குகளில்
குளிர்பதன எந்திரம் பழுது பார்ப்பவன்.

நாற்காலி ஆண், மேசை பெண் என்றேன்.
யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டான்.
அவன் மொழியில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும்
ஒரே சொல்லாம்.
'ஐன்' எழுத்துக்குத் தொண்டையை இறுக்கு என்றால்
இருமல்தான் வந்தது அவனுக்கு.

இருமலோடு இருமைக்கு வந்தோம்.
ஒன்றுக்கு ஒரு வடிவம். பலவற்றுக்கு ஒன்று.
நடுவில், இரண்டுக்கென்றே தனியாக ஒன்று.
யதானி: இரு கைகள்.
உடையவன் வந்து ஒட்டிக்கொண்டால்
'நூன்' உதிர்ந்துவிடும்.
யதாஹு: அவனுடைய இரு கைகள்.

உர்மாஸ் உதிர்க்க மறந்தான்.
சிவப்பு மையால் சுழித்தேன்.
அரை மதிப்பெண் போயிற்று.

"ரொட்டிக் கடையில் ஒருவரும் இப்படிப் பேசவில்லையே" என்றான்.
விகுதி ஒன்று விடாமல்
இரண்டு ரொட்டி கேட்டானாம்.
எட்டு மணிச் செய்தி முடிந்துவிட்டதே என்று
கடைப்பையன் கையைத் தட்டினானாம்.
வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.
என் வீட்டில் நானும் இப்படிப் பேசுவதில்லை
என்று சொல்லவுமில்லை.

வியாழன் இரவு, ஒன்றே கால் மணிக்கு
அவன் வீட்டுக்காரர் மொன்ஜி
அடுக்களைத் தரையில் சரிந்து கிடந்தார்.
குழாய் திறந்தபடி.
ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினான் உர்மாஸ்.
"ஷ்னுவ்வா?" என்றது தூக்கம் கலைந்த குரல்.
என்ன என்று கேட்கும் அந்தத் தெருச்சொல்லை
நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

ஆகவே அவன் முதலிலிருந்து தொடங்கினான்:
ஐயா, வணக்கம். ஒரு மனிதர் விழுந்துவிட்டார்.
எழுவாய்க்கு உகரம், செயப்படுபொருளுக்கு அகரம்,
எல்லாம் அதனதன் இடத்தில்.
எதிர்முனையில் இருவர் சிரிப்பது கேட்டதாம்.
வானொலி நாடகமா, தம்பி?

"யதாஹு பாரிததானி" என்றான்.
அவருடைய இரு கைகளும் குளிர்ந்திருக்கின்றன.

குளிர் எது, எத்தனை பாகை என்று
தொட்டே சொல்லக்கூடியவன்.
அவன் சொன்ன விதத்தில்
அங்கே சிரிப்பு நின்றது.

எங்கள் தெருப் பேச்சில்
ஒருவனின் கைகளுக்கு ஒரே வடிவம்தான்.
இத்தனை என்று யாரும் எண்ணிச் சொல்வதில்லை.
ஒரு வேற்றூர்க்காரன்
நடுங்கிக்கொண்டே எண்ணியிருக்கிறான்.
நூனை உதிர்த்திருக்கிறான்.

திங்கட்கிழமை மதிப்பெண் ஏட்டைத் திறந்தேன்.
மூடினேன்.
அன்றைக்கு எழுதியது தவறுதான். தவறு தவறாகவே இருக்கட்டும்.

அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
புதிதாக ஒரு சொல்: யித்தீஹ்.
அவருடைய கைகள், தெருவில் சொல்வது போல.
ஆஸ்பத்திரிக் கட்டிலில்
பாதி வாயால் மொன்ஜி சொன்னாராம்,
இனியாவது மனிதர்களைப் போலப் பேசு என்று.
எழுத்துப் பிழையோடு இருந்தது.
என் சிவப்புப் பேனா அருகில் போய்த் திரும்பியது.
அந்தச் சொல்லை யாரும் எனக்கு
எழுதக் கற்றுத் தந்ததில்லை.

வகுப்பு முடியும் நேரம் கை தூக்கினான்.
"இடக்கை அசையவில்லை.
அசையலாம், அசையாமலும் போகலாம் என்கிறார்கள்.
இனி அவருக்கு எந்த வடிவம்,
ஒருமையா, இருமையா?"

போலந்துச் செவிலி என்னைப் பார்த்தாள்.
அவன் கேட்டது இலக்கணம்தானா என்று
எனக்குத் தெரியவில்லை.

"இருமைதான்" என்றேன்.
எழுதிக்கொண்டான்.

கீழே யாரோ
டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.